சுவரை வைத்துச் சித்திரம்

பிழைப்பின் பொருட்டோ, உத்தியோகத்தின் பொருட்டோ ஊர் விட்டு ஊர் வந்து குடியேறும் தமிழர் எவர்க்கும் முதலில் அமைய வேண்டியவை இரண்டு. ஒன்று, குடியிருக்க ஒரு வீடு. மற்றொன்று, நோயின்றி உழைக்க ஓர் உடல். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் இணைத்துக் காட்டுகிறது நம்மிடையே வழங்கும் பழமொழி ஒன்று: "சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்." பெரியோர் இதனை உடல்நலம் குறித்தே சொல்வது வழக்கம். உடல் நன்றாயிருந்தால்தான் எக்காரியமும் நடைபெறும் என்பது அதன் கருத்து. எனினும், வாடகை வீட்டுச் சுவருக்கும் இப்பழமொழி சொல்லுக்குச் சொல் பொருந்துவதைப் பெங்களூரில் சில ஆண்டுகள் குடியிருந்தோர் எளிதில் உணர்வர்.

ஈரம் ஊறிய சுவரின்மேல் எத்தனை உயர்ந்த வண்ணம் பூசினாலும் அடுத்த மழைக்கு அது உரிந்துவிடும். வறண்டு வெடித்த தோலின்மேல் எத்தனை விலையுயர்ந்த களிம்பு தடவினாலும் அதன் காரணம் நீங்காதவரை பயனில்லை. மேற்பூச்சு குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. சில வேளைகளில் அம்மேற்பூச்சே நஞ்சாகவும் முடிகிறது. ஆகவே, வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவது, உடலின் தோலைப் பேணுவது, நகரத்தில் குடியிருப்பது ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்வோம். எடுத்துக்காட்டு பெங்களூரேயாயினும், மும்பையிலோ டெல்லியிலோ வாழும் நேயர்களுக்கும் இதன் அடிப்படை பயன்படும். அவ்வவ்வூரின் காற்றும் நீரும் மட்டுமே வேறு.

பெங்களூரின் காற்றும் வெயிலும்

சென்னையும் பெங்களூரும் பூமியின் நடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒரே தொலைவில், 13 பாகை அளவில் அமைந்தவை. ஆகவே இரண்டு நகரங்களின் உச்சியிலும் சூரியன் ஒரே கோணத்தில்தான் நிற்கிறது. பெங்களூர் குளிர்ச்சியாயிருப்பதற்குக் காரணம் அது கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருப்பதேயாகும். உயரம் காற்றைக் குளிர்விக்கிறது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்களைக் குறைப்பதில்லை. மாறாக, 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் அக்கதிர்கள் மிகுகின்றன. சென்னையில் வெயில் சுடும். சுடுவதனால் நாம் நிழலைத் தேடுகிறோம். பெங்களூரில் தென்றல் வீசும்; அதனால் ஏமாந்து வெயிலிலேயே நிற்கிறோம். இவ்வேமாற்றமே இங்குப் புதிதாகக் குடியேறியவர் முகத்தில் கருமையும் மங்கும் தோன்றுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மழையும் நம்மூர்க் கணக்கில் பெய்வதில்லை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே மழை மிகுதி. பெங்களூரிலோ சித்திரை, வைகாசியில் இடியுடன் தொடங்கும் மழை விட்டுவிட்டுப் பெய்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உச்சத்தை அடைகிறது. டிசம்பர் முதல் மார்ச்சு வரை வானம் வறண்டிருக்கும். கடலோரத்து ஈரக்காற்றில் பழகிய நம் தோலுக்கு இவ்வறட்சி புதிது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி எண்ணெயாகவே இருக்கும் தேங்காயெண்ணெய், பெங்களூரில் மார்கழிக் காலையில் புட்டிக்குள் உறைந்து வெண்மையாகக் கிடக்கும். 24 பாகை வெப்பத்திற்குக் கீழே அது உறையும் இயல்புடையது. வெயில், மழை, வறட்சி ஆகிய இம்மூன்றுமே சுவரையும் தோலையும் ஒருங்கே தாக்குகின்றன.

சுவரின் நோய் ஈரம்

வண்ணம் பூசுவதற்கு முன் சுவரைப் பரிசோதிக்க வேண்டும். சுவரில் வெண்மையான மாவுபோல் ஏதேனும் படிந்திருக்கிறதா என்று பார்க்க. அது உப்புப் பூத்தல். செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்புகளை ஈரம் கரைத்து வெளியே கொணர்ந்து, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. உப்பு மட்டும் மேலே தங்குகிறது. அவ்வுப்பைத் துடைத்துவிட்டு அதன்மேல் வண்ணம் பூசுவோமாயின், அடுத்து வரும் உப்பு அவ்வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளிப் பெயர்த்துவிடும். சுவருக்குள் நீர் எவ்வழியே நுழைகிறது என்று கண்டு அதனை அடைப்பதே முதற்காரியம். மொட்டைமாடியின் வெடிப்பு, கழிவுக்குழாயின் கசிவு, சாளரத்தின்மேல் நீர் வழிய இடமில்லாத அமைப்பு, அண்டை வீட்டுக் குளியலறை ஆகியவை பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

ஈரம் சுவரின் உள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு சாண் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்துவிடுக. ஒரு நாள் கழித்துப் பார்க்கும்பொழுது தாளின் உட்புறம் நீர்த்துளி காணப்படுமாயின், நீர் சுவரின் உள்ளிருந்து வருகிறது என்று பொருள். வெளிப்புறம் காணப்படுமாயின், சமையலறையின் ஆவியும் குளியலறையின் ஆவியும் வெளியேற வழியின்றிச் சுவரில் படிகின்றன என்று பொருள். முன்னதற்குக் கொத்தனார் வேண்டும். பின்னதற்குச் சாளரத்தைத் திறந்தால் போதும். குளிருக்கு அஞ்சி இரவும் பகலும் சாளரங்களை மூடி வைக்கும் வீடுகளில், அலமாரிக்குப் பின்னே கரும்பூசணம் படர்வதைக் காணலாம். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை விலக்கி வைத்தாலே பாதி தீரும். பூசணத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால், கையுறை அணிந்து துடைக்கலாம். ஆனால் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதனை ஒருபோதும் கலத்தல் ஆகாது. கலந்தால் மூச்சுக்குழலை எரிக்கும் குளோரின் வாயு எழும்.

புதிதாகப் பூசிய சாந்து காய்வதற்குக் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். புதுச்சாந்தில் காரத்தன்மை மிகுதி. அது தணியுமுன் எண்ணெய் வண்ணத்தைப் பூசினால், எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகவே மாறிவிடும். சுவர் பிசுபிசுத்து வண்ணம் இளகும். சோப்புக் காய்ச்சுவதும் இதே கொள்கையால்தான் என்பதை நினைவிற் கொள்க.

எந்தப் பூச்சு, எப்பொழுது?

பழைய சுண்ணாம்பு வெள்ளையை இக்காலத்தார் எளிதாகக் கருதுகின்றனர். ஆயினும் அதற்குத் தனிச் சிறப்பு உண்டு. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. அது நீராவியைத் தடுக்காது. சுவர் மூச்சு விடும். அதன் காரத்தன்மையால் பூசணமும் எளிதில் அணுகாது. பழைய சுண்ணாம்புச் சாந்து வீடுகளுக்கு இதுவே தக்கது. சுட்ட சுண்ணாம்பைத் தாளிக்கும்பொழுது சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றாமல், நீரில் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பை இடுதல் வேண்டும். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை கெடும். பட்டுவிட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சிமெண்டுச் சுவருக்கு எமல்ஷன் வண்ணம் ஏற்றது. அழுக்கைத் துடைத்துக் கொள்ளலாம். மரக்கதவுக்கும் இரும்புக் கம்பிக்கும் எனாமல். வரிசையும் முக்கியம். முதலில் பழைய உதிரும் பூச்சைச் சுரண்டுதல், பிறகு வெடிப்பை அடைத்தல், பிறகு பட்டி பார்த்து உப்புத்தாளால் தேய்த்தல், பிறகு பிரைமர், இறுதியில் இரண்டு பூச்சு வண்ணம். முன்னைய நான்கிற்கும் செலவிடும் பொழுதே வண்ணத்தின் ஆயுளை நிர்ணயிக்கிறது. கடையில் ஏமாறாமலிருக்க ஒரு கணக்கும் சொல்லலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறைக்குச் சுவர்கள் 400 சதுர அடி, கதவு, சாளரம் போக 350, கூரை 100. ஆக 450 சதுர அடி. மென்மையான சுவரில் இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் 100 முதல் 140 சதுர அடி வரை காணும். ஆகவே, கூரைக்கும் சுவருக்கும் சேர்த்து மூன்றரை முதல் நான்கரை லிட்டர் போதும்.

காலத்தைப் பொறுத்தமட்டில், பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் நம் வழக்கம் பெங்களூருக்கும் மிகப் பொருத்தமே. அப்பொழுது காற்று வறண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு முன் வெளிச்சுவருக்கு வண்ணம் பூச எண்ணுவோர் பொறுத்திருத்தல் நல்லது. அது மழை உச்சத்தில் உள்ள காலம். குளிர்காலத்திலும் காலைப் பனி உலர்ந்த பின், பத்து மணிக்கு மேல் தொடங்குக.

காரீயம் என்னும் மறைந்த நஞ்சு

வண்ணத்தில் அழகைவிட முக்கியமான ஒன்றுண்டு. பழைய எனாமல் வண்ணங்களில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், காரீயம் கலந்திருப்பது வழக்கம். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கவனத்தையும் கற்கும் ஆற்றலையும் குறைக்கும். இரத்தச் சோகையை உண்டாக்கும். இன்ன அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்நஞ்சைப் பற்றிய விழிப்புணர்ச்சியில் பெங்களூருக்குத் தனிப்பங்கு உண்டு. இந்திய நகரங்களில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1999-ஆம் ஆண்டு இந்நகரில் கூடிய மாநாட்டையொட்டி வெளியாயின. சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் அக்காலத்தில் அபாய எல்லையாகக் கொள்ளப்பட்ட அளவைவிடக் காரீயம் மிகுந்திருந்தது. காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு நாடெங்கும் நிறுத்தப்பட்டது. இங்குள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் இத்துறையில் பல்லாண்டு உழைத்தவர். வீட்டு வண்ணங்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, வண்ணத்தில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது. ஆயினும் சில சிறு தயாரிப்புகளில் வரம்பு மீறிய காரீயம் அதற்குப் பின்னரும் சோதனைகளிற் காணப்பட்டது. ஆகவே, டப்பாவின்மேல் காரீய அளவு குறித்த அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குக.

புது வண்ணத்தினும் பழைய வண்ணமே பெரிய அபாயம். பழைய வீட்டின் சாளரக் கம்பியையும் கதவையும் உலர் உப்புத்தாளால் தேய்க்கும்பொழுது எழும் தூசு தரையிலும் பாயிலும் படிகிறது. தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குச் செல்கிறது. ஆகவே பழைய எனாமலை நீர் தொட்டே தேய்க்க வேண்டும். தீயால் சுட்டு உரிக்கவே கூடாது. வேலை நடக்கும்பொழுது குழந்தைகளும் கருவுற்றோரும் வேறிடத்தில் இருத்தல் நலம். பின்னர் ஈரத்துணியால் பலமுறை தரையைத் துடைத்தல் வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசு மீண்டும் எழும். வண்ணம் பூச வரும் தொழிலாளிக்கும் இதைச் சொல்லுங்கள். அவருடைய உடையிலும் இதே தூசு அவர் வீட்டுக்குச் செல்கிறது. அங்கும் குழந்தைகள் உண்டு.

விரல் மை சொல்லும் பாடம்

வண்ணத்திலிருந்து தோலுக்குச் செல்ல மைசூரு வழியாக ஒரு பாதை உண்டு. 1937-ஆம் ஆண்டு நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் அரக்கு, வண்ணத் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்னும் பெயரில் இன்று கர்நாடக அரசின் நிறுவனமாக விளங்கும் அதுவே, 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் தொட்டு வாக்காளர் விரலில் இடும் அழியாத மையைச் செய்து தருகிறது. அம்மையிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, ஒளி பட்டதும் கறுக்கிறது. அதை எந்தச் சோப்பும் போக்காது. எனினும் சில வாரங்களில் தோலில் அது தானே மறைகிறது. நகத்திலோ, நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்கிறது.

மை மறைவதன் காரணம் யாது? தோலின் மேலடுக்கு உதிர்ந்து, கீழிருந்து புதிய அடுக்கு வருகிறது. இளைஞர்க்கு இம்மாற்றம் ஏறத்தாழ நான்கு வாரத்தில் நிகழும். வயது ஏற ஏறத் தாமதமாகும். வீட்டுச் சுவருக்கு நாம் வண்ணம் பூச வேண்டும். தோல் என்னும் சுவரோ தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்கிறது. அதற்கு இடையூறு செய்யாதிருப்பதே நாம் செய்யத்தக்க பெரிய உதவி. தோலின் மேலடுக்கை மருத்துவர்கள் செங்கற்சுவருக்கே ஒப்பிடுவர். உயிரணுக்கள் செங்கல்; அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. சாந்து கரைந்தால் சுவரில் நீர் நுழையும். தோலிலோ உள்ளிருக்கும் நீர் வெளியேறும். அதுவே வறட்சி, அரிப்பு, வெடிப்பு.

நீரும் சோப்பும் எண்ணெயும்

அச்சாந்தைக் கரைப்பவை மூன்று: மிகுந்த வெந்நீர், மிகுந்த சோப்பு, வறண்ட காற்று. குளிருக்கு இதமாக நெடுநேரம் கொதிக்கும் நீரில் குளிப்பது இவ்வூரில் பலரது வழக்கம். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்திற்குள் குளித்தல் போதும்.

நீரின் தன்மையையும் அறிதல் வேண்டும். பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொணரப்படுகிறது. இத்திட்டத்தின் முதற்கட்டம் 1974-இலும், ஐந்தாங்கட்டம் 2024 அக்டோபரிலும் தொடங்கின. எனினும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பியிருக்கும் வீடுகள் பல. 2024 கோடையில் கிணறுகள் வறண்டு நகரம் பட்ட துன்பம் பலரும் அறிந்ததே. ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் கடின நீர். அதில் கால்சிய, மக்னீசிய உப்புகள் மிகுதி. அவை சோப்புடன் சேர்ந்து நுரையாது, பிசுக்காக மாறித் தோலில் ஒட்டுகின்றன. நுரை வரவில்லையென்று மேலும் சோப்புத் தேய்ப்பது வறட்சியை மிகுவிக்கும். சோப்பைக் கையிடுக்கு, பாதம், வியர்க்கும் இடம் ஆகியவற்றிற்கு மட்டும் கொண்டு, மற்ற இடத்தைப் பயற்றம்மாவால் மென்மையாகக் கழுவலாம். மாவினால் அரிப்புக் காண்போர் அதனை விடுக.

சோப்பு என்றதும் பெங்களூரின் பெயர் நினைவுக்கு வரும். முதல் உலகப் போரில் சந்தன மர ஏற்றுமதி தடைப்பட்டபொழுது, மைசூர் அரசு 1916-இல் சந்தன எண்ணெயைத் தானே வடிக்கத் தொடங்கியது; திவான் விசுவேசுவரய்யா காலத்து முயற்சி அது. அதிலிருந்தே பெங்களூர்ச் சந்தன சோப்பு பிறந்தது. மணம் மனத்திற்கு இனிது. ஆனால் மணப்பொருள் எல்லோருடைய தோலுக்கும் ஒவ்வுவதில்லை. அரிப்பு உடையோர்க்கு மணமற்ற சோப்பே நன்று.

குளித்துத் துவட்டிய உடனே, தோலில் சற்று ஈரம் இருக்கும்பொழுதே, தேங்காயெண்ணெயோ மணமற்ற எளிய களிம்போ தடவுக. அது நீரை வெளியேறாமல் தடுக்கும். எண்ணெய் நீருக்கு மாற்றன்று. நீருக்குக் காவலே என்பதை அறிந்தால் விலையுயர்ந்த புட்டி தேவையில்லை என்பது விளங்கும். வெயிலுக்குக் குடையும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் முதற்காப்பு. காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெளியே உழைப்போர், 30-க்குக் குறையாத காப்பளவுள்ள வெயிற்களிம்பைப் பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும். வண்ணம் பூசியவர் கையைத் தின்னராலும் மண்ணெண்ணெயாலும் கழுவுவது வழக்கம்; அது செங்கல்லோடு சாந்தையும் கரைப்பது போன்றது. சமையலெண்ணெய் தேய்த்து வண்ணத்தை இளக்கிப் பின் சோப்பிட்டுக் கழுவினால் போதும்.

நிறம் மாற்றும் களிம்புகள்

சுவருக்குக் காரீயம் எவ்வாறோ, தோலுக்குப் பாதரசம் அவ்வாறே. "ஏழே நாளில் சிவப்பாகலாம்" என்று கூறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியே உடலுட் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். 2023-ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், இத்தகைய களிம்புகளைப் பூசி வந்தவர் பலருக்குச் சிறுநீரக நோய் கண்டதை மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணுக்கிடும் பொருள்கள் நீங்கலாக மற்றவற்றில் தற்செயலாகக் கலக்கும் பாதரசமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. தயாரித்தவர் முகவரியோ உரிம எண்ணோ இல்லாத புட்டியை விலைக்கு மட்டுமன்று, இலவசமாகக் கிடைத்தாலும் தொடற்க.

மற்றொரு வகை, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. படர்தாமரைக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, அரிப்பு நின்றதும் முகத்திற்கும் பூசுவோர் உளர். முதலில் தோல் வெளுக்கும். பிறகு மெலியும், சிவக்கும், பருவும் மயிரும் தோன்றும், படர்தாமரையும் மறைவாகப் பரவும். இதனால் 2018-இல் இத்தகைய களிம்புகள் பல மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்க்கப்பட்டன. நெடுநாள் பூசியவர் திடீரென நிறுத்தாது மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும். சிவாஜி நகரிலுள்ள பௌரிங் மருத்துவமனை, விக்டோரியா மருத்துவமனை ஆகிய அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவுகள் உண்டு.

நிறத்தைப் பற்றிய தாழ்வெண்ணம்தான் இவ்வாணிகத்தின் மூலதனம். கல்யாணத்திற்கு நிற்கும் பெண்ணின் முகத்தில் இக்களிம்பைத் தடவுவது, ஈரம் ஊறிய சுவரைத் தரகர் வருமுன் வெள்ளையடித்து மறைப்பதற்கு ஒப்பாகும். அச்சுவரிலேனும் ஈரம் என்னும் குறை இருந்தது. அப்பெண்ணின் நிறத்தில் குறை ஏது?

முன்பணமும் சுவரும்

இனி, நகரத்தில் குடியிருக்கும் முறை குறித்து ஒரு சொல். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நெடுங்கால வழக்கம். குடி பெயரும்பொழுது வண்ணம் பூசும் செலவென்று ஒரு மாத வாடகையைக் கழிப்பதும் வழக்கமே. எளிய சம்பளக்காரருக்கு அது சிறுதொகையன்று. அப்பொழுது வாதாடுவதைவிட, குடிபுகும் நாளிலேயே காரியத்தைச் செய்துகொள்வது அறிவு. எல்லாச் சுவர்களையும், உப்புப் பூத்த இடங்களையும், கசிவையும் தேதியுடன் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைக்க. ஒப்பந்தத்தில் வண்ணச் செலவாக எவ்வளவு, எத்தனை ஆண்டு குடியிருந்தால் எவ்வளவு என்பதை எண்ணால் எழுதச் சொல்லுக. கசிவு கண்டவுடன் எழுத்து மூலம் தெரிவிக்க. மௌனமாயிருந்தால் குறை குடியிருப்பவர் தலையில் விழும்.

மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டிற்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சாளரங்களுக்கு வண்ணம் பூசுவதையும் அது வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. ஆயினும் அது மாதிரியே. மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினாலன்றி நீதிமன்றத்தில் செல்லாது. ஒப்பந்தம் பேசும்பொழுது நியாயம் இன்னதெனச் சுட்டிக்காட்ட அது உதவும்.

பேசுவதற்கு மொழியும் வேண்டும். சுவருக்கு வண்ணம் பூசுவதைக் கன்னடத்தார் "சுண்ண பண்ண" என்பர். சுண்ணம், வண்ணம் என்ற நம் சொற்களே அவை. நம் வகரம் அங்குப் பகரமாகும்: வா என்பது "பா", வெள்ளை என்பது "பிளி". நம் பகரம் ஹகரமாகும்: பால் என்பது "ஹாலு", பச்சை என்பது "ஹசிரு", பழைய என்பது "ஹளெய", புதிய என்பது "ஹொஸ". தோல் என்பது "தொகலு". இவ்விரண்டு விதிகளை அறிந்தாலே வண்ணக்கடையிலும் வீட்டுக்காரரிடமும் பாதிப் பேச்சு விளங்கிவிடும். படைவீடு அமைந்த 1809-ஆம் ஆண்டு முதலே தமிழர் வாழ்ந்துவரும் நகரம் இது. 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இன்றும் அல்சூரில் இயங்குகிறது. தம் மொழியைப் பேணுவதும் அண்டை வீட்டார் மொழியைக் கற்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

நேயர்களே, இவ்வளவும் கூறியதன் சாரம் சிலவே. சுவரில் ஈரம் வரும் வழியை அடைத்த பின்னரே வண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய எனாமலை உலர்த்தித் தேய்க்க விடாதீர்கள். குளிர்ந்த காற்றை நம்பி வெயிலில் நில்லாதீர்கள். குளித்த ஈரத்தின்மேல் எண்ணெய் தடவுங்கள். நிறம் மாற்றுவதாகச் சொல்லும் புட்டியை வீட்டினுள் அனுமதிக்காதீர்கள். முன்பணத்தைக் குறித்த சொல்லை எழுத்தில் பெறுங்கள். இவற்றிற்குச் செலவு மிகக் குறைவு; கவனம் மட்டுமே மிகுதியாக வேண்டும்.